வெள்ளை ஏப்ரன் கட்டிய சம்பந்தி

ஜூன் 3, சனி

இன்று என் மகள் சங்கரியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாலை நாலரைக்கு என்று சொல்லியிருந்தார்கள். நாலு இருபத்தெட்டுக்குக் கார் வாசலில் நின்றது. முப்பத்துநாலு வருஷம் முத்திரை ஆய்வாளராகக் கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்தவன் நான். நேரமும் ஒரு அளவைதானே. மனசுக்குள் ஒரு முத்திரை குத்திக்கொண்டேன்.

பையன் பெயர் பரணிதரன். அமெரிக்காவில் ஓஹையோ என்கிற மாநிலத்தில் வேலை. அப்பா குற்றாலலிங்கம், பூர்வீகம் தென்காசி, முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறார். அம்மா செண்பகவல்லி. பெருமாள்புரத்தில் அண்ணன் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார்கள். ஜூலை பதினாலாம் தேதி திரும்பிப் போக விமானம். பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. அதற்குள் சரி, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

சங்கரி காபி கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியில் ஊர்க் காதையெல்லாம் சோதித்து மெஷின் மாட்டிவிடுகிறவள். வீட்டில்தான் கவனம் போதாது. எல்லோருக்கும் சர்க்கரை போட்டவள் பையனுக்கு மட்டும் போடவில்லை. வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவும் இல்லை. அவனும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டான். பாவம், கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். குற்றாலலிங்கம் கையை நீட்டினார். மோதிர விரலில் மூலைமட்டமும் கவராயமும் பொறித்த மோதிரம்! ஃப்ரீமேசன்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. உலகம் பூராவும் கிளை உள்ள, ரகசியம் காக்கிற சகோதர சங்கம் அது. பத்தொன்பது வருஷமாக நானும் மேசன். எங்கள் ஊர்க் கிளையான ‘லாட்ஜ் தென்பொதிகை’யில் இப்போது சடங்கு இயக்குநர். கைகுலுக்கினோம். எப்படிக் குலுக்கினோம் என்பதை எழுதக் கூடாது.

அவர்கள் போனபின் என் மனைவி ஆவுடை சொன்னாள்: “ரெண்டு பேரும் கையப் பிடிச்சா விடவே மாட்டீய போலிருக்கு. பொண்ணப் பாக்க வந்தாவளா, ஒங்களப் பாக்க வந்தாவளா?”

பத்தாம் தேதிக் கூட்டத்துக்கு அவரை விருந்தினராக அழைத்திருக்கிறேன்.

ஜூன் 4, ஞாயிறு

மேல்தொட்டி கழுவினேன். லாட்ஜ் கூட்டத்தில் இடுப்பில் கட்டுகிற ஏப்ரனைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். ஆட்டுத்தோல் என்பதால் ஆவுடை அதை அலமாரியில் வைக்க விடுவதில்லை. சைவ வீடாம். பழைய சூட்கேஸ்களோடு பரணில் கிடக்கிறது, பத்தொன்பது வருஷமாக.

“சமையக்கட்டுல நான் கட்டாத ஏப்ரன இவிய கட்டுதாவ” என்று இன்றைக்கும் சொன்னாள். அந்தக் காலத்தில் கோயில் கட்டிய கல்தச்சர்கள் இடுப்பில் தோல் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள், அந்த உழைப்புக்கு மரியாதையாக நாங்கள் கட்டுகிறோம் என்று நூறு தடவை சொல்லியாயிற்று. “அப்ப அந்த மேல்தொட்டியோட விரிசலப் பூசுங்க” என்கிறாள்.

ஜூன் 10, சனி

மனசே சரியில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

குற்றாலலிங்கம் ஐந்து மணிக்கு லாட்ஜுக்கு வந்தார். கறுப்புக் கோட்டு, டை, முகம் பார்க்கிற மாதிரி ஷூ. ஆனால் வெறுங்கை. நாங்களெல்லாம் ஏப்ரனைத் தட்டையான தோல்பெட்டியில் வைத்துக் கொண்டுபோவோம். பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

“பெட்டி இங்கதான இருக்கும்?” என்று கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தார். “வாசல்ல ஒரு பெட்டி நெறைய ஏப்ரன் இருக்குமே. ஒண்ண எடுத்துக் கட்டிக்கிட வேண்டியதுதான?”

“சொந்தமா ஏப்ரன் கிடையாதா?”

“ஏன் இல்லாம? சேந்த அன்னைக்குக் குடுத்தது. வீட்டுல பத்திரமா இருக்கு. அது நான் போகும்போது கூட வரும்.”

“எங்க போகும்போது?”

அவர் ஆள்காட்டி விரலால் மேலே காட்டினார்.

ஏப்ரன் இல்லாமல் லாட்ஜுக்கு வருகிற மேசனை நான் பார்த்ததே இல்லை. பந்தியில் வந்து உட்கார்ந்து ‘இலை இருக்கா’ என்று கேட்கலாம், ‘வேட்டி இருக்கா’ என்று யாராவது கேட்பார்களா? வேறு வழியில்லாமல், புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கட்டிவிடுகிற வெறும் வெள்ளை ஏப்ரன் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நம் வழக்கத்தில் முதல் படிக்கு வெறும் வெள்ளை. இரண்டாம் படிக்கு இரண்டு நீல ரோஜா. மூன்றாம் படிக்கு மூன்று ரோஜா, நீலக் கரை, இரு பக்கமும் வெள்ளிச் சங்கிலித் தொங்கல். மாஸ்டராக, அதாவது லாட்ஜ் தலைவராக, இருந்து இறங்கியவர்களுக்கு ரோஜாவுக்குப் பதில் வெள்ளிப் பட்டயம். இவர் இரண்டு தடவை மாஸ்டராக இருந்தாராம். அப்படிப்பட்டவர் முதல் நாள் பையன் கட்டுகிற வெள்ளையைக் கொஞ்சம்கூடக் கூசாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு, “நல்லா வெளுத்திருக்காங்க” என்று தடவிப் பார்த்தார்.

அதோடு விட்டாரா? உள்ளே வந்ததும் என் காதில், “உங்க மாஸ்டர் தொப்பி போட மாட்டாரா?” என்றார். தொப்பியாம்!

வாசலில் அவரைச் சோதித்து உள்ளே விட்டது எங்கள் செயலாளர் சூசைமிக்கேல். கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர், கால் வைக்காத துறைமுகம் இல்லை என்று பீற்றிக்கொள்வார். தேர்தலில் என்னை முந்திக்கொண்டு மாஸ்டர் ஆனவர். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். “ஓஹையோ லாட்ஜ் சீட்டு, கடிதாசி எல்லாம் சரியா இருக்கு வே” என்றார். சீட்டு! முப்பத்துநாலு வருஷத்தில் எத்தனை சீட்டு பார்த்திருப்பேன். போலிப் படிக்கல்லும் பார்வைக்கு அசல் போலத்தான் இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடியில் முத்திரை இருக்காது.

இந்த மனுஷன் மேசனே இல்லை. சம்பந்தத்துக்காக வேஷம் போடுகிறார். கல்யாணத்துக்கு முன்னாலேயே பொய் சொல்கிற வீட்டில் என் பெண்ணை எப்படிக் கொடுப்பது?

ஜூன் 11, ஞாயிறு

காலையில் காபி குடிக்கும்போது சொல்லிவிட்டேன், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று.

ஆவுடை டம்ளரைக் கீழே வைத்தாள். “ஏன்?”

“சொல்ல முடியாது.”

“சொல்ல முடியாதுன்னா?”

“சத்தியம் பண்ணியிருக்கேன். அது லாட்ஜ் சம்பந்தப்பட்டது. அவரு நடிக்காரு, அவ்வளவுதான் சொல்வேன்.”

“ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணும்பாவ. அவரு என்ன பொய் சொன்னாரு, அதச் சொல்லுங்க.”

நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். சங்கரி என் மாத்திரை டப்பாவில் ஏழு நாளுக்கும் மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அறையில் இரண்டு நாள் மாத்திரையைப் போட்டிருக்கிறாள். சொன்னேன் அல்லவா, கவனக்குறைவு.

ஜூன் 12, திங்கள்

காஸ் சிலிண்டர் வந்தது. சீல் சரி.

ஜூன் 14, புதன்

பொது அறிவுக்காகச் சில விவரங்கள். ஓஹையோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். குளிர்காலத்தில் பத்தரை ஆகிவிடுமாம். திருநெல்வேலியிலிருந்து வாசலுக்கு வாசல் முப்பத்துமூன்று மணி நேரம், மூன்று விமானம். ஜனவரியில் அங்கே ஏரியே உறைந்துவிடுமாம். அந்த மாநிலத்தில் முருகன் கோயில் இருக்கிறதா என்று தேடினேன். இருக்காது என்று நினைத்துத்தான் தேடினேன். கோயில்கள் நிறையவே இருக்கின்றன.

இதற்கும் சம்பந்தத்துக்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 17, சனி

சங்கரன்கோவிலிலிருந்து என் தங்கை வேலம்மாள் போன். போன வாரம் அவள் கேட்டபோது, “அவங்க ஒரு விஷயத்தை மறைக்காங்க, அதுக்கு மேல கேக்காத” என்று மட்டும்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. தானாகவே பதிலையும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, மாப்பிள்ளப் பையனுக்கு அங்க ஒரு வெள்ளக்காரி இருக்காளாமே?”

“யாரு சொன்னா?”

“நீங்கதான சொன்னீய, மறைக்காவன்னு. வேற எத மறைப்பாவ?”

இல்லை என்று சொல்லலாம் என்றால் பின்னே என்ன என்று கேட்பாள். நான் பேசாமல் இருந்தேன். “சரி, புரிஞ்சுபோச்சு” என்று வைத்துவிட்டாள்.

மதியம் தூத்துக்குடி மைத்துனர் போன் பண்ணினார். அவருக்குக் கிடைத்த தகவலில் ஒரு குழந்தையும் இருக்கிறது.

ஜூன் 18, ஞாயிறு

குழந்தை இரண்டாகிவிட்டது. மூத்தவன் பெயர் டேவிட்டாம். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

இரவுச் சாப்பாட்டுக்கு முன் சங்கரி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “அப்பா, அவருக்கு யாரும் இல்ல. எனக்குத் தெரியும்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“போன அக்டோபர்ல லீவுல வந்தப்ப அவங்க பெரியம்மாவுக்குக் காது மெஷின் மாட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தாரு. அன்னைலேருந்து பேசிட்டிருக்கோம். எட்டு மாசம்.”

“அப்ப அந்தக் காபி?”

“அவரு சர்க்கரை போட மாட்டாருப்பா.”

எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதம்! என் வீட்டிலேயே முத்திரை இல்லாத தராசு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, ஆய்வாளருக்குத் தெரியவில்லை. “நீ பேசினது பையன்கிட்ட. நான் சொல்லுதது அப்பாவப் பத்தி” என்றேன்.

“அவரு அப்பா என்ன செஞ்சாரு?”

“சொல்ல முடியாதும்மா.”

“நீங்க சொல்லலேன்னா நான் என்னன்னு பதில் சொல்லுவேன் அவருகிட்ட? எனக்கு இந்த இடம் வேணும்ப்பா. நீங்க வேண்டாம்னா நான் ஓடிப் போகமாட்டேன். ஆனா ஏன்னு சொல்லுங்க.”

அவள் அப்படி நேராகச் சொன்னபின் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. சுண்டைக்காய் வத்தக்குழம்பு வேறு.

ஜூன் 20, செவ்வாய்

சாயங்காலம் மைதானத்தில் நடக்கும்போது குற்றாலலிங்கத்தைப் பிடித்தேன். ஆளை நேரில் மடக்கிவிடுவது என்று முடிவு. போலித் தராசுக்காரனிடம் பேச்சுக் கொடுத்தால் தானே உளறுவான்.

“உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே வெள்ளைன்னா, யாரு எந்தப் படின்னு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: “மேல ஒரு மடிப்பு இருக்குல்லா? முதப் படின்னா அதத் தூக்கி விட்டுருவோம். ரெண்டாவதுக்கு ஒரு மூலைய மடிச்சிச் சொருகிக்கிடுவோம். மூணாவதுக்கு எறக்கி விட்டுருவோம்.”

மடித்துச் சொருகுவதாம்! வேட்டியா அது? சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான் ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு நீங்க எல்லாரும் வெள்ளிச் சங்கிலி தொங்க விட்டிருந்தீங்களே. அது எங்க வாங்குறது?”

“மெட்ராஸ்ல.”

“அத ஒவ்வொருத்தரும் கையில தூக்கிக்கிட்டே அலையிறீங்க?”

“ஆமா.”

“ஓ” என்றார். அந்த ‘ஓ’ எனக்குப் பிடிக்கவில்லை. குற்றவாளி பேச்சை மாற்றுகிற ‘ஓ’ அது. பிறகு இருவரும் இரண்டு சுற்று நடந்தோம். அவர் என்னைவிட வேகமாக நடக்கிறார்.

ஜூன் 24, சனி

செண்பகவல்லி ஆவுடைக்குப் போன் பண்ணி, “எங்க வீட்டுலயும் அவிய கொஞ்சம் யோசிக்கணும்னு சொல்லுதாவ. காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்காவ” என்றாளாம். பார்த்தீர்களா! மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சங்கரி மூன்று நாளாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்வதில்லை. ஆஸ்பத்திரியில் சாப்பிட்டேன் என்கிறாள். அந்த ஆஸ்பத்திரி கேன்டீன் ஏழு மணிக்கே மூடிவிடும். எனக்குத் தெரியும்.

அவள் ஊரோடு இருக்கப்போகிறாள். நல்லதுதான்.

ஜூன் 26, திங்கள்

சூசைமிக்கேல் போன் பண்ணினார். எடுக்கவில்லை.

ஜூன் 27, செவ்வாய்

மறுபடியும் பண்ணினார். எடுக்கவில்லை. அமெரிக்க வழக்கத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று ஆவுடைக்குத் தோன்றாது, ஏனென்றால் அவளுக்கு விஷயமே தெரியாது. எனக்குத் தோன்றியது. அவரிடம் போய்க் கேட்பதற்குப் பதிலாக நான் தாமிரபரணியில் இறங்கிவிடுவேன். முட்டளவுதான் தண்ணீர் என்றாலும்.

ஜூன் 29, வியாழன்

இப்படி ஒரு நாள் எதிரிக்கும் வரக் கூடாது.

மாலை ஆறு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சூசைமிக்கேல் கையில் ஒரு பழைய ஆல்பத்தோடு வந்து நின்றார்.

“என்ன வே, போன எடுக்க மாட்டீரு? ஒம்ம மாப்பிள்ளைக்கு ரெண்டு புள்ளைன்னு எங்க தூத்துக்குடி சர்ச்சு வரைக்கும் வந்திருச்சு. குற்றாலலிங்கம் பாவம், நல்ல மனுசன். என்ன நடந்துச்சு?”

“அத இங்க பேசக் கூடாது” என்று கண்ணைக் காட்டினேன். ஆவுடை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “அண்ணாச்சி, நீங்க பேசுங்க. பத்தொம்பது நாளா இந்த வீட்டுல யாரும் பேசல” என்றாள். சங்கரியும் வந்து கதவோரம் நின்றாள்.

வேறு வழியில்லாமல் அவர் காதருகில் போய் ரகசியமாகச் சொன்னேன், அந்த ஆள் ஏப்ரன் இல்லாமல் வந்தார், பெட்டி எங்கே என்றார், தொப்பி கேட்டார் என்று.

சூசைமிக்கேல் வீடே கேட்கிற மாதிரி, “ஏப்ரனா? ஏப்ரனுக்காகவா வே இவ்வளவும்?” என்றார்.

“மெதுவா வே, ரகசியம்...”

“ஏப்ரன்ல என்ன வே ரகசியம்? கடையில தொங்கவிட்டு விக்கான். இந்தாரும்.” ஆல்பத்தைத் தேநீர் மேஜையில் விரித்துவிட்டார். எல்லாம் அவருடைய கப்பல் காலத்துப் படங்கள், துறைமுகத்துக்கு ஒரு ஏப்ரன். “தங்கச்சி, நீயும் பாரு. இது கிளாஸ்கோ. ஸ்காட்லாந்துல லாட்ஜுக்கு ஒரு கலரு, அவனவன் இஷ்டம். மேல் மடிப்பு வட்டமா இருக்கு பாத்தியா? நம்மளோடது முக்கோணம். அவன் பச்சையில கட்டம் போட்டு கட்டிருக்கான்.”

“லுங்கி மாரி இருக்கு அண்ணாச்சி” என்றாள் ஆவுடை.

“இது ராட்டர்டாம். ஹாலந்துலயும் லாட்ஜுக்கு ஒரு கலருதான். இது பிரான்ஸ். இதோட உள்பக்கம் கறுப்பு, மண்டையோடு போட்டிருக்கும். துக்கச் சடங்குக்குத் திருப்பிக் கட்டுவான்.”

“ஐயோ முருகா!”

“இது ஹூஸ்டன்.” அந்தப் படத்தில் சூசைமிக்கேலும் எட்டு வெள்ளைக்காரர்களும் நின்றார்கள். ஒன்பது பேருக்கும் வெறும் வெள்ளைப் பருத்தி ஏப்ரன். நடுவில் ஒருவர் தொப்பி போட்டிருந்தார். பின்னால் கதவோரம் ஒரு மரப்பெட்டி, அதில் மடித்து வைத்த வெள்ளைத் துணிகள். “அமெரிக்காவுல முக்காவாசி இடத்துல இப்பிடித்தான் தங்கச்சி. பெட்டியில இருக்கும், வாறவன் எடுத்துக் கட்டிக்கிடுவான். சேரும்போது குடுத்த தோல் ஏப்ரன அழுக்குப் படாம வீட்டுல வச்சிருப்பான். அவன் செத்தா சவப்பெட்டி மேல அத வச்சு அனுப்புவாங்க. எத்தன தடவ மாஸ்டரானாலும் கடைசியில அந்த முத நாள் வெள்ளைதான். நாம வெள்ளி, பட்டயம்னு சேத்துக்கிட்டே போறோம். அவங்க திரும்பி ஆரம்பத்துக்கு வாறாங்க.”

ஆல்பத்தை என் பக்கம் திருப்பி, அந்த மரப்பெட்டியை மறுபடி பார்த்தேன்.

ஆவுடை முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஏப்ரன்! நான் அவருக்கு ரெண்டாந்தாரம் இருக்குமோ, ஜெயிலுக்குப் போயிருப்பாரோன்னு பிள்ளையாருக்குத் தேங்கா நேந்திருக்கேன். ஏப்ரன்!”

சங்கரி சிரிக்கவில்லை. “நேத்து அவருகிட்ட எல்லாத்தையும் மறந்துருங்கன்னு சொல்லிட்டேன்ப்பா” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூசைமிக்கேல் ஆல்பத்தை மூடினார். “என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல வே” என்றார். கேட்டிருக்கலாம். அவமானத்தில் அவருக்குக் காபிகூடக் கொடுக்கத் தோன்றவில்லை. ஆவுடைதான் கொடுத்தாள்.

ஜூலை 1, சனி

ஆவுடையும் நானும் பெருமாள்புரம் போனோம். அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டேன். எடை சரியாக இருந்தது.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். “ஐயா, உங்களப் போலின்னு நெனச்சுட்டேன். தப்பு என்மேல.”

குற்றாலலிங்கம் என்னையே பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று. “நான் உங்களத்தான் போலின்னு நெனச்சேன்” என்றார்.

“என்னையா?”

“பின்ன? ஆளுக்கொரு பெட்டிய தூக்கிக்கிட்டு வாறீங்க. தொறந்தா நீலக் கரை, ரோஜாப்பூ, வெள்ளிச் சங்கிலி, பட்டயம். நாடகக் கம்பெனியில மேக்கப் போடுத மாரி எல்லாரும் வரிசையா நின்னு கட்டுதீங்க. ஒருத்தருக்கும் தொப்பி இல்ல. வெளிநாட்டுக்காரன ஏமாத்தச் சும்மா ஒரு கூட்டம் செட்டப் பண்ணிருக்காங்கன்னு நெனச்சுட்டேன். இவகிட்ட காரணத்தச் சொல்லவும் முடியல. சத்தியம் இருக்குல்லா.”

செண்பகவல்லி ஆவுடையைப் பார்த்தாள். ஆவுடை செண்பகவல்லியைப் பார்த்தாள். “இதுக ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டு மூடணும்” என்றாள் செண்பகவல்லி. நானும் அவரும் தரையைப் பார்த்தோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அல்வாவைப் பிரிக்கப் போனேன். செண்பகவல்லி கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“ஏப்ரன் ஒங்க ரெண்டு பேரு பிரச்சன. எம் பையனுக்கு டேவிட்டுன்னு ஒரு பிள்ளை இருக்குன்னு எங்க பெரிய மயினி வீட்டுக் கிரகப்பிரவேசத்துல பேசியிருக்காவ. அங்க பந்தியில எல்லாரும் கேக்க. அது யாரு வீட்டுலேருந்து கெளம்புச்சோ, அந்த வீட்டுலேருந்தே அணைஞ்சு வரணும். அதுக்கப்பறம் ஒங்க பொண்ணு சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நாங்க ஒண்ணும் பேசல.”

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கண்ணைக் குத்துகிற நியாயம்.

ஜூலை 3, திங்கள்

போன் பண்ண ஆரம்பித்தேன். பதினாலு வீடு. லாட்ஜுக்குள் நடப்பதைப் பற்றிப் பத்தொன்பது வருஷம் பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்காதவன், இன்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு ஏப்ரன் கதை சொன்னேன்.

வேலம்மாள்: “ஏப்ரனா? அப்ப அவரு அங்க சமையக்காரரா அண்ணே? அத முந்தியே சொல்லிருக்கக் கூடாதா, அதுல என்ன கேவலம்?”

தூத்துக்குடி மைத்துனர்: “சரி மச்சான், வெள்ளைக்காரிக்கும் அந்த ஏப்ரனுக்கும் என்ன தொடர்பு?”

அம்பாசமுத்திரம் சித்தப்பா மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நல்ல சமாளிப்பு. ஆனா டேவிட்ட என்ன செய்யப்போறாவ?” என்றான்.

ஒவ்வொருவரிடமும் கடைசியில் ஒரே வாக்கியம்: “டேவிட்டுன்னு யாரும் கிடையாது. நான் ஒரு முட்டாத்தனம் பண்ணிட்டேன். பையன் சொக்கத் தங்கம்.” முதல் மூன்று வீட்டில் ‘தவறு’ என்றுதான் சொன்னேன். நாலாவதிலிருந்து ‘முட்டாத்தனம்’. அப்படிச் சொன்னால்தான் நம்புகிறார்கள்.

ஜூலை 5, புதன்

பதினாலும் முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது. செண்பகவல்லி போனில், “கேள்விப்பட்டோம்” என்றாளாம். அவ்வளவுதான்.

சங்கரி இன்னும் சரி என்று சொல்லவில்லை. பரணிதரன் இரண்டு தடவை வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போனான். அவள் முகம் கொடுத்துப் பேசினாள். சிரிக்கக்கூடச் சிரித்தாள். என்னிடம் மட்டும் “ம்”, “சரி”, “வச்சிருக்கேன்”.

ஜூலை 8, சனி

லாட்ஜ் கூட்டம். குற்றாலலிங்கம் வந்தார். அவர் கேட்குமுன்பே வெள்ளை ஏப்ரனை எடுத்துவைத்திருந்தேன், சலவை செய்து. நானே அவர் இடுப்பில் கட்டிவிட்டேன். அவர் என் வெள்ளிச் சங்கிலியை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார். அவர் கிளம்ப ஆறு நாள்தான் இருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

காலையில் ஆவுடை கோயிலுக்குப் போய்விட்டாள். நான் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சங்கரி பின்னால் வந்து நின்றாள்.

“அப்பா, ஒண்ணு கேப்பேன். ஆய்வாளரா இருந்தா எப்பிடிப் பதில் எழுதுவீங்களோ அப்பிடிச் சொல்லணும்.”

“கேளு.”

“அவங்க அப்பா போலின்னு நெசமாவே நெனச்சீங்களா?”

நினைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எத்தனை கடைக்காரனிடம் இதே கேள்வியைக் கேட்டு, அவன் கண்ணைப் பார்த்து நின்றிருக்கிறேன். அவள் அதே மாதிரி நின்றாள்.

“மொத நாளு நெனச்சேன்மா” என்றேன். “மைதானத்துல அந்த மடிப்புக் கதையச் சொன்னப்ப லேசா சந்தேகம் வந்துருச்சு. இவ்வளவு சரளமா யாரும் பொய் சொல்ல மாட்டாங்க.”

“அப்பறம்?”

“அப்பறம்... அவரு போலியா இருந்தா நல்லாருக்குமேன்னு இருந்துச்சு.”

“ஏன்?”

“முப்பத்துமூணு மணி நேரம்மா. மூணு விமானம். ஒனக்கு ஒரு காச்சல்னா நான் எப்ப வந்து சேருவேன்?”

சொல்லிவிட்டேன். குழாயிலிருந்து தண்ணீர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை. சங்கரி குனிந்து குழாயை மூடினாள். என் ஈரக்காலைப் பார்த்தபடியே பேசினாள்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. நீங்க ஓஹையோவுல கோயில் தேடினது என் லேப்டாப்ல. அப்பிடியே தெறந்து கெடந்துச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “ஏப்ரன்னதும் எனக்கு அவ்வளவு கோவம். தூரமா இருக்கு, போகாதன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் ஒங்க பக்கத்துல ஒக்காந்து அழுதிருப்பேன். அழுதுட்டுக் கெளம்பியிருப்பேன்.”

“இப்ப?”

“இப்பவும் அதான்” என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கீழே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எனக்குச் சரி. அவங்க வீட்டுக்கு நீங்கதான் சொல்லணும், அம்மா இல்ல” என்றாள். என் போனை எடுத்து அவளே நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

குற்றாலலிங்கம் முதல் மணியிலேயே எடுத்தார். “பிரதர்” என்றார்.

பத்தொன்பது வருஷமாக லாட்ஜில் எத்தனையோ பேர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“இனிமே சம்பந்தின்னு கூப்பிடுங்க” என்றேன்.